வேண்டுமென்றே விட்ட பிழைகள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் குடிநீர்த் தொட்டியின் மோட்டாரை இயக்குவது அக்பர் அலியின் வேலை. காலை ஐந்து மணிக்கும் பிற்பகல் மூன்றரைக்கும் மோட்டாரைப் போட்டுவிட்டு, வால்வுகளைத் தெருத்தெருவாகத் திறந்து மூட வேண்டும். நடுவில் கிடைக்கும் நேரமெல்லாம் மோட்டார் அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பார். ரம்மி ஆடுகிறார் என்று தெருவில் பேச்சு. உண்மையில் அவர் பழைய இசைத்தட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தார்.

சின்ன வயதில் ஒரு சவுண்ட் சர்வீஸ் கடை வாசலில் நின்று கேட்டதோடு சரி. சொந்தமாக ஒரு தட்டு வாங்கும்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது. ஃபோனில் அந்தத் தளத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் சேகரிப்பாளர்கள் சேர்ந்து எழுதும் பெரிய பதிவேடு அது. ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் ஒரு பக்கம். பாடியவர், ராகம், கம்பெனி, வருடம், தட்டின் நடுவில் லேபிளைச் சுற்றியுள்ள வழவழப்பான வளையத்தில் கீறியிருக்கும் எண், எல்லாம் அதில் இருக்கும். யார் முதலில் பக்கத்தைத் திறந்தார், யார் எப்போது எதைத் திருத்தினார், ஏன் திருத்தினார் என்பதும் பெயரோடு அப்படியே நிற்கும். அதே தளத்தில் விற்கலாம், வாங்கலாம்.

2014இல் அங்கே ஒரு நாகூர்ப் பாட்டுத் தட்டை வாங்கப் பணம் கட்டினார். விற்றவரின் முகவரி வந்தது. லூர்துநாதன், உழவர்கரை, புதுச்சேரி. அன்று மாலையே ஃபோன் வந்தது.

"முத்தியால்பேட்டையா நீங்க? இங்கேர்ந்து அங்க இருக்கிற அஞ்சு கிலோமீட்டருக்குத் தபால்ல அனுப்பச் சொல்றீங்களா, முசே? வண்டி எடுத்துக்கினு வாங்க. காப்பி போட்டு வெக்கறேன்."

லூர்துநாதன் கோர்ட்டில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. ஒரே மகள் பெனிஷா பெங்களூரில். வீட்டில் நான்கு இரும்பு அலமாரி நிறைய இசைத்தட்டுகள், ஒவ்வொன்றும் பழுப்புக் காகித உறையில். உறையின் மூலையில் ஊதா மையில் 'லூ.நா.' என்று எழுதி, வாங்கிய தேதியையும் போட்டிருப்பார். அன்றைக்கு ஒரு மணி நேரம் என்று போன அக்பர் அலி, வால்வு திறக்க அவரைத் தேடி ஃபோன் வந்த பிறகுதான் எழுந்தார்.

ஏழு வருடம் அப்படிப் போனது. வாரத்தில் இரண்டு நாள் உழவர்கரை. தட்டைத் தண்ணீரில் எப்படிக் கழுவுவது, வளையத்து எண்ணை எந்தச் சாய்வில் வெளிச்சம் காட்டிப் படிப்பது, விற்கிறவன் 'நல்ல நிலை' என்று போட்டால் அதை எவ்வளவு குறைத்துக்கொள்வது, எல்லாம் அங்கே பழகியதுதான். தெருவிலும் ஆபீசிலும் 'தண்ணிக்காரர்' என்று அழைக்கப்பட்டவரை லூர்துநாதன் ஒருவர்தான் பிரெஞ்சு மரியாதையோடு 'முசே அலி' என்றார். அக்பர் அலி அவரை 'லூர்து அண்ணே' என்பார்.

லூர்துநாதன் பதினொரு வருடமாக ஒரே ஒரு தட்டைத் தேடிக்கொண்டிருந்தார். பாகூர் முத்தையன் என்ற நாதசுரக்காரர் வாசித்தது. ஒரு பழைய கம்பெனி விலைப்பட்டியலில் ஒற்றை வரியாக அதைப் பார்த்திருந்தார். தளத்தில் அதற்குப் பக்கம் இல்லை. தட்டைக் கையில் வைத்திருப்பவர் யாரும் இல்லாததால், திறக்கவும் ஆள் இல்லை.

2021 செப்டம்பரில், அவருடைய வலது கண்ணில் புரை எடுப்பதற்கு முந்தின நாள், பிரான்சின் மார்செய் ஊர்க்காரர் ஒருவர் அந்தத் தட்டை விற்பனைக்குப் போட்டார். முத்தையன் பெயரைத் தப்பும் தவறுமாக எழுதியிருந்தார். அதனால் வேறு யார் கண்ணிலும் படவில்லை. லூர்துநாதன் ஃபோனில் மூச்சு வாங்கப் பேசினார்.

"கெடச்சுடுச்சு, முசே அலி. நாளைக்குக் காலைல எனக்கு ஆபரேஷன். பத்து நாளைக்கு ஃபோன் பக்கமே போவக்கூடாதுன்னுட்டாரு டாக்டரு. விரிசல் எதுனா இருக்கான்னு அந்தாளுகிட்ட கேட்டுட்டு, எனக்காக நீங்க வாங்கிடுங்க. வந்ததும் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து கேப்போம்."

"நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்கண்ணே. நான் பாத்துக்கறேன்."

மறுநாளே அக்பர் அலி வாங்கினார். வாங்கும்போது அவருக்காகத்தான் வாங்கினார். இதைப் பிற்பாடு அவர் தனக்குத்தானே எத்தனையோ முறை சொல்லிக்கொண்டார். கண் கட்டைப் பிரித்த பிறகு லூர்துநாதன் கூப்பிட்டுக் கேட்டபோது, பார்சல் இன்னும் கடல் தாண்டி வந்துகொண்டிருந்தது.

"நான் பாக்கறதுக்குள்ள யாரோ வாங்கிட்டாங்கண்ணே."

அந்த வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"சரி, வுடுங்க. யாரோ கேக்கறான் இல்ல. ஒடச்சுப் போடாம இருந்தா சரி."

பார்சல் வந்தது. மனைவி மஹ்பூபா கடைக்குப் போயிருந்த நேரத்தில் அக்பர் அலி தட்டைச் சுழல விட்டார். கரகரப்புக்கு அடியிலிருந்து நாதசுரம் எழுந்தது. இந்தப் பக்கம் மூன்றரை நிமிடம், அந்தப் பக்கம் மூன்றரை நிமிடம். உலகத்தில் இதைக் கேட்டவன் நான் ஒருவன்தான் என்று தோன்றியது. வாழ்க்கையில் எதற்கும் வரிசையில் கடைசியில் நின்றே பழகியவர் அவர். தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம், சும்மா சொன்னேண்ணே என்று சிரித்துவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தார். நாள் ஆக ஆக அந்தச் சிரிப்பு முடியாததாகிவிட்டது. அந்த வீட்டுக்குப் போய்க் காப்பி குடிப்பது மட்டும் நிற்கவில்லை.

அவரைக் காட்டிக்கொடுத்தது அவரேதான். 2022 மே மாதம், ஒரு மதியம் மோட்டார் அறையில் இருந்தபடி, தளத்தில் முத்தையன் தட்டுக்குப் பக்கம் திறந்தார். ராகம் தோடி என்று எழுதி, லேபிளைப் படம் எடுத்துப் போட்டார். முதலில் பதிந்தவர் என்ற இடத்தில் அவர் பெயர் ஏறியது. யாருக்கும் தெரியாத மாதிரி வேறு பெயரில் பதிந்திருக்கலாம். ஆனால் தன் பெயர் அங்கே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

ஒரு மணி நேரத்தில் லூர்துநாதன் அழைத்தார். குரலில் கோபம் இல்லை.

"முசே அலி, வளையத்து நம்பர்ல கடைசியா இருக்கிறது ஒண்ணா, ஏழா? போட்டோல எனக்குச் சரியாத் தெரியல."

"ஏழு... ஏழுண்ணே."

"மெர்சி."

பிரெஞ்சில் அந்த நன்றியோடு ஃபோன் வைக்கப்பட்டது. அதன் பிறகு அவர்கள் பேசவே இல்லை. அக்பர் அலி இரண்டு முறை அழைத்தார். மணி அடித்து ஓய்ந்தது. ஒரு முறை உழவர்கரை வரைக்கும் வண்டியில் போய், தெருமுனையில் நின்றுவிட்டுத் திரும்பினார்.

ஜூன் மாதம் ஒரு காலையில், முத்தையன் பக்கத்தில் ஒரு திருத்தம் வந்திருந்தது. 'தோடி அல்ல, தன்யாசி. தயவுசெய்து மறுபடி கேட்கவும்.' திருத்தியவர் லூர்துநாதன். ராகத்தைக் கேட்கத் தட்டு அவரிடம் இல்லை. படத்தில் லேபிளின் ஓரத்தில் அரைகுறையாகத் தெரிந்த எழுத்தை வைத்தே கண்டுபிடித்திருந்தார். அக்பர் அலி அந்த ஒரு வரியைப் பல தடவை படித்தார். திட்டி எழுதியிருந்தால்கூட அவ்வளவு தடவை படித்திருக்க மாட்டார்.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். தன்னிடமிருந்த வேறு தட்டுகளுக்குப் பக்கம் திறக்கும்போது, தெரிந்தே ஏதாவது ஒன்றைத் தவறாகப் போட ஆரம்பித்தார். ஒரு வருடத்தை மாற்றினார். ஒரு பெயரில் ஓர் எழுத்தை விட்டார். மறுநாளுக்குள் உழவர்கரையிலிருந்து திருத்தம் வந்துவிடும். 'வருடம் 1941. பட்டியல் பார்க்கவும்.' 'ராவுத்தர் என்பதில் த் உண்டு.' அவ்வளவுதான். வணக்கமும் இல்லை, பெயர் சொல்லி அழைப்பதும் இல்லை. இரண்டரை வருடம் அக்பர் அலி அதை வைத்தே ஓட்டினார்.

"ஃபோனைப் பாத்துச் சிரிக்கறீங்க, அப்புறம் மூஞ்சி தொங்கிப் போவுது. இன்னாதான் ஆச்சு ஒங்களுக்கு?" என்று மஹ்பூபா கேட்பாள்.

"ஒண்ணுமில்ல. ஸ்பெல்லிங்கு மிஸ்டேக்கு."

2024 நவம்பரில் அவர் விட்ட பிழை ஒன்று அப்படியே நின்றது. இன்னொன்றை விட்டார். அதுவும் நின்றது. மகளிடம் போயிருப்பார் என்று நினைத்தார். பிறகு, இதுவும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார் போல என்று நினைத்தார். சிறுபிள்ளைத்தனமாக, யாருக்கும் பளிச்சென்று தெரிகிற பிழைகளாகப் போட்டார். பொங்கல் தாண்டியது. பதினொரு பிழைகள் சேர்ந்துவிட்டன.

மார்ச் மாதம் சென்னை வியாபாரி ஒருவர் ஒரே நாளில் நாற்பது தட்டுகளை விற்பனைக்குப் போட்டார். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்த அக்பர் அலியின் விரல் நின்றது. பழுப்புக் காகித உறை. மூலையில் ஊதா மையில் 'லூ.நா.'

சாகும்வரை ஒரு தட்டைக்கூட விற்க மாட்டார் லூர்துநாதன். இரண்டு பிரதி இருந்தால்தான் ஒன்று வெளியே போகும். நாற்பதையும் பார்த்து முடித்தபோது, கேட்டுத் தெரிந்துகொள்ள இனி எதுவும் இருக்கவில்லை.

அன்று மதியம் முத்தையன் தட்டைத் துண்டில் சுற்றி, பையில் வைத்து, வண்டியில் உழவர்கரைக்குப் போனார். வீட்டில் வெள்ளையடிக்கும் ஆட்கள் ஏணி போட்டிருந்தார்கள். கதவருகே பெனிஷா நின்று அவர்களிடம் பேசிக்கொண்டிருந்தாள். இவரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"யாரு அங்கிள்? வீடு பாக்க வந்தீங்களா?"

"இல்லம்மா. அப்பாவைத் தெரியும் எனக்கு."

"அப்பா டிசம்பர் ஒம்பதாம் தேதி தவறிட்டாங்க. நிமோனியா. கதிர்காமம் ஆஸ்பத்திரிலதான் ஒரு மாசம் இருந்தாங்க."

ஒரு மாதம். முத்தியால்பேட்டையிலிருந்து வண்டியில் கால் மணி நேரம். தினமும் மோட்டாரைப் போட்டுவிட்டு, அறையில் உட்கார்ந்து, திருத்தம் வருகிறதா என்று ஃபோனைத் தட்டிக்கொண்டிருந்த மாதம் அது.

"யாரையாவது கேட்டாராம்மா?"

"பேச முடியல அங்கிள், மூச்சு வாங்கும். ஃபோனைக் குடு குடுன்னு மட்டும் கேட்டுனு இருந்தாரு. கண்ணு வலிக்கும்னு நான்தான் வாங்கி வெச்சிட்டேன்." அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எவனோ தப்புத் தப்பா எழுதறான், நான் பாக்கலன்னா அப்படியே நின்னுடும்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல."

அந்த ஆள் நான்தான் என்று சொல்ல அக்பர் அலிக்கு வாய் வரவில்லை. பையிலிருந்து துண்டை எடுத்துப் பிரித்தார்.

"இது அப்பாவுதும்மா. அவருக்காக வாங்கினது. நான் குடுக்காம வெச்சிக்கினேன். பொய் சொல்லிட்டேன் அவருகிட்ட."

பெனிஷா தட்டைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் களைப்பு மட்டுமே இருந்தது.

"அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும் அங்கிள்? தட்டு, அலமாரி, பாட்டு மிஷின் எல்லாத்தையும் மொத்தமாத் தூக்கிக் குடுத்துட்டேன். இதை நான் எங்க வெச்சிப்பேன்? நீங்களே வெச்சிக்குங்க."

ஏணியில் இருந்தவர் தண்ணீர் கேட்டார். அவள் உள்ளே போனாள். அக்பர் அலி தட்டை மறுபடி சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

அந்த வாரம் பதினொரு பிழைகளையும் அவரே திருத்தினார். காரணம் எழுதும் கட்டத்தில் ஒவ்வொரு முறையும் 'தவறு என்னுடையது' என்று போட்டார். முத்தையன் பக்கத்தில் முதலில் பதிந்தவர் பெயரை எடுத்துவிட்டு லூர்துநாதன் பெயரைப் போடும்படி தளத்து நிர்வாகிகளுக்கு எழுதினார். பெயரை மாற்ற விதிகளில் இடமில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. சென்னை வியாபாரியிடமிருந்து ஒரு தட்டாவது வாங்கலாம் என்று பார்த்தார். ஊதா மை எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் கை பின்வாங்கியது. நாற்பதில் முப்பது ஜப்பானுக்கும் ஜெர்மனிக்கும் போயிருந்தன. மீதியும் ஒவ்வொன்றாகப் போனது. ஏப்ரலுக்குப் பிறகு அவர் புதிதாகப் பக்கம் எதுவும் திறக்கவில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். சாயங்காலத் தண்ணீரை விட்டு முடித்துவிட்டு அக்பர் அலி உழவர்கரைக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். குடும்பம் குடும்பமாக ஆட்கள் சாமந்தி போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லூர்துநாதன் கல்லறையைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. புதுச் சிமெண்டுப் பலகை, பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம். பூ எதுவும் இல்லை. அவர் கையிலும் ஒன்றும் இல்லை. எதைக் கொண்டுவருவது முறை என்று அவருக்குத் தெரியவில்லை.

பக்கத்துக் கல்லறையில் இருந்த அம்மாள் ஒருத்தி அவரைக் கவனித்தாள். அவர் தலையிலிருந்த தொழுகைத் தொப்பியையும் கவனித்தாள்.

"ஒங்களுக்கு இன்னா வேணும் அவுரு? சிநேகிதரா?"

அக்பர் அலி யோசித்தார்.

"தெரிஞ்சவரும்மா."

அவள் தன்னிடம் மிஞ்சியிருந்த மெழுகுவத்தி ஒன்றை எடுத்து நீட்டினாள். அவர் குந்தி உட்கார்ந்து, காற்றுக்குக் கையை அணைத்து அதைப் பலகையின் மேல் நிறுத்தினார். ஒட்ட நேரமெடுத்தது. ஒட்டியதும் தூறல் போட்டது. ஆட்கள் குடையை விரித்துக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தார்கள். தோட்டம் முழுக்க ஒவ்வொரு வரிசையாக வெளிச்சம் அவிந்துகொண்டு வந்தது. அக்பர் அலி நனைந்துகொண்டே, மெழுகுவத்தியைச் சுற்றி இரண்டு கையையும் குவித்தபடி, கேட்டைச் சாத்தப் போகிறேன் என்று காவல்காரர் வந்து சொல்லும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.