பல் தீட்ட விடாத ஆறு நாட்கள்

பின்னேரம் மூன்று மணி இருபது நிமிடம். யுத்த காலம். திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஏதோ வெடித்து, எங்கள் வீட்டு யன்னல்கள் அதிர்ந்து அடங்கியிருந்தன. அப்போதுதான் மகளின் மேலுதடு வீங்கியிருப்பதைக் கண்டேன். தையல் ஓரத்தில் மஞ்சளாய்ச் சீழ். நெற்றி கொதித்தது.

முன்பு ஒரு வெடிப்பில் பறந்த கண்ணாடித் துண்டு அவளது உதட்டைக் கிழித்திருந்தது. இரண்டு வருடமாக வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். கொழும்பில் அந்தத் தழும்பை எடுத்து, அழகாகத் தைத்து, ஆறு நாட்களுக்கு முன்தான் கூட்டி வந்திருந்தோம். எல்லாம் வீணாகப் போகிறதா?

கணவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு டொக்டரைத் தேடி ஓடினார். வீதிகளை மூடிவிட்டார்களாம். ஒவ்வொரு சைக்கிள் மணிக்கும் நான் வாசல் படலைக்கு ஓடினேன். ஒன்றரை மணித்தியாலம் கழித்து வந்தார். பின் கரியரில், நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளின் பல் பார்க்க வரும் பெண் டொக்டர், வெள்ளைக் கோட்டோடு! அவரின் வீடு இரண்டு தெரு தள்ளித்தான்; வேறு ஒருவரிடமும் போக முடியவில்லையாம்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவருக்கு முன்னாலேயே கணவரிடம் கத்தினேன்.

"பிள்ளையின்ரை முகம் போகுது. நீங்கள் பல்லு டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்து நிக்கிறியள்."

டொக்டர் டோர்ச் அடித்து மகளின் வாய்க்குள் பார்த்தார். பல்லைச் சுற்றி முரசெல்லாம் வீங்கி, வெள்ளை படிந்திருந்தது. பல் தீட்டி எத்தனை நாள் என்று கேட்டார். தையல் பிரிந்துவிடும் என்று வந்த நாளிலிருந்து நான் விடவில்லை, வாய் கொப்பளிக்கவும் விடவில்லை என்று பெருமையாகவே சொன்னேன். மீனும் முட்டையும் சீழ் பிடிக்கும் என்று வெறும் கஞ்சிதான் கொடுத்ததையும் சொன்னேன். மகள் கெஞ்சியபோதெல்லாம் அதட்டியிருந்தேன்.

அவர் உப்புத் தண்ணீரால் வாயைக் கழுவச் செய்து, சீழைத் துடைத்து, மாத்திரை கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தையலிலை ஒரு பிழையும் இல்லை, ரீச்சர். வாய் ஊத்தையாய்க் கிடந்தால் காயம் எப்பிடி ஆறும்? சாப்பாடில்லாத உடம்பு எந்தப் பலத்திலை கிருமியோடை சண்டை பிடிக்கும்? முதல்லை ஒரு முட்டையை அவிக்க வையுங்கோ."

உதடு நன்றாகவே ஆறியது. ஆனாலும் இன்றைக்கு யாருக்காவது பத்தியம் சொல்ல வாயெடுத்தால், அந்த ஆறு நாட்களும் வந்து என் நாக்கைப் பிடித்து நிறுத்துகின்றன.