ஸ்டெப்னியில் எழுதிய இட்லி மாவு

பூனாவை ஒட்டிய ஆகுர்டியில் குடியிருந்த காலத்தில் என் வீட்டுக்காரருக்கு இரண்டு பேர் மேல்தான் பிரியம். ஒன்று அவருடைய ஸ்கூட்டர். இன்னொன்று நான் என்று சொல்லிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரைக் குளிப்பாட்டி, துடைத்து, நிழலில் நிறுத்துவார். என்னை நிழலில் நிறுத்தியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அப்போதுதான் நான் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்திருந்தேன். கோயமுத்தூரிலிருந்து என் அண்ணன் ரயிலில் ஏற்றி அனுப்பிய கிரைண்டர் சும்மா இருக்க விடவில்லை. கல் சுற்றுகிற சத்தம் கேட்டு எதிர்வீட்டு மராட்டிக்கார அம்மாள் எட்டிப் பார்த்தார், இட்லி தின்றார், மறுநாள் கிண்ணத்தோடு வந்தார். ஒரு கிண்ணம் வந்ததும் எனக்குக் கற்பனை ஓடிவிட்டது. பூனா முழுக்க கிண்ணத்தோடு வரிசையில் நிற்பதாகவே நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த ஒரு கிண்ணத்தைத் தவிர வேறு கிண்ணம் வரவில்லை.

விளம்பரம் செய்ய வேண்டும், ஆனால் கையில் காசில்லை. முதலில் ஒரு நோட்டீஸ் எழுதி ஜெராக்ஸ் எடுத்து, பேப்பர்காரரிடம் கெஞ்சி, பேப்பருக்குள் வைத்துப் போடச் சொன்னேன். அவரும் ஒரு வீடு விடாமல் போட்டார். ஊரே மராட்டி படிக்கிற ஊர், நான் எழுதியிருந்ததோ தமிழில். எனக்கு அழகாக எழுத வருவது அது ஒன்றுதான். கீழ்வீட்டு அம்மாள் அதைத் திருப்பதி சமாசாரம் என்று நினைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் குங்குமமும் இட்டிருந்தார். மாவு விற்கவில்லையே தவிர, மாவுக்குப் பூஜை நடந்தது.

அடுத்து கேபிள் டிவிக்காரரிடம் போனேன். படத்துக்கு அடியில் எழுத்து ஓடவிட எவ்வளவு என்று கேட்டேன். அவர் சொன்ன தொகையைக் கேட்டு, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் ஸ்கூட்டர் நிற்கிறது. பின்னால் ஸ்டெப்னி டயர், அதன்மேல் வெள்ளை வெளேரென்று உறை. ஊர் முழுக்கச் சுற்றுகிற வெள்ளைப் பலகை ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டா நான் கேபிள்காரர் வீட்டுப் படியேறினேன் என்று என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

ஹைவே பக்கம் லாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர் ஒருவர் இருந்தார். கூலிக்குப் பதில் மாவு என்று பேசி முடித்தேன். வீட்டுக்காரர் ராத்திரி ஷிப்ட் முடிந்து பகலில் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் உறையைக் கழற்றிக்கொண்டு போய்க் கொடுத்தேன். மூன்று இட்லி, மேலே ஆவி, மராட்டியில் 'புதிதாக அரைத்த இட்லி மாவு கிடைக்கும்', எங்கள் டெலிபோன் நம்பர். எல்லாம் நன்றாகத்தான் வரைந்திருந்தார். ஆனால் கை பழகிப்போன வேகத்தில், லாரிக்கெல்லாம் எழுதுகிற வாசகத்தையும் கடைசியில் சேர்த்துவிட்டார். 'கெட்ட கண் வைப்பவனே, உன் முகம் கறுத்துப் போகட்டும்.' அதற்குக் காசு வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

சாயங்காலம் எழுந்து வந்த வீட்டுக்காரர் ஸ்கூட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனம்மிணி, இதென்ன கண்றாவி?"

"விளம்பரமுங்க."

"மாவு வாங்க வர்றவனுக்குச் சாபம் கொடுத்து அனுப்பறதா விளம்பரம்?"

கோபித்துக்கொண்டார், சாப்பிடாமல் இருந்து பார்த்தார், அப்புறம் பசித்ததும் சமாதானத்துக்கு வந்தார். "பிள்ளையார் சதுர்த்தி வரைக்கும் பொறுத்துக்கறேன். அதுக்கப்புறம் இதைக் கழட்டிருவேன். நீயும் கிரைண்டரை மூடி வெச்சிரோணும்" என்றார். சரி என்றேன். அந்த உறையோடு ஸ்கூட்டர் ஓடுகிறவரைதான் என் வியாபாரம் ஓடும் என்று ஆகிவிட்டது.

ஆனால் வியாபாரம் ஓடியது. சிக்னலில் நின்று நம்பரைக் குறித்துக்கொண்டவர்கள் போன் செய்தார்கள். ஒருநாள் அவருடைய பாக்டரியிலிருந்தே ஒருவர் போன் செய்தார். "எங்க சாஹிப் ஸ்கூட்டரில் உங்கள் நம்பர் பார்த்தேன். பழைய உறை வாங்கினாராம், யார் வீட்டு மாவு என்று அவருக்கே தெரியாதாம். அதனால் நேராகவே கேட்கிறேன்" என்று இந்தியில் சொன்னார். நானும் சாஹிபைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் ஆர்டரை எடுத்துக்கொண்டேன்.

பாக்டரியில் என் மாவையே தெரியாது என்று சொல்லியிருக்கிறார். அவரிடம் கேட்கவில்லை. ஆனால் அதன் பிறகுதான் எனக்கு இன்னொன்றும் விளங்கியது. கொஞ்ச நாளாக, சேர்ந்து வெளியே போனால், "முந்தானைய நல்லா விட்டுக்க, காத்தோட்டமா இருக்கும்" என்று என்னைப் பின்னால் உட்கார வைத்துச் சொல்வார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் காற்றோட்டத்தைப் பற்றி ஒரு மனுஷன் கவலைப்படுகிறாரே என்று நானும் உருகிப்போயிருந்தேன். முந்தானை தொங்கினால் ஸ்டெப்னியில் இருக்கும் டெலிபோன் நம்பர் மறைந்துவிடும். இவ்வளவுதான் அந்தப் பிரியம்.

சதுர்த்திக்குச் சில நாள் இருக்கும்போது ஸ்கூட்டர் திருட்டுப் போனது. காய்கறி வாங்க நிறுத்திவிட்டுத் திரும்பினால் இடம் காலி. போலீஸ் ஸ்டேஷனில், "வண்டியில் ஏதாவது அடையாளம் உண்டா?" என்று கான்ஸ்டபிள் கேட்டார். என் வீட்டுக்காரர் கூசாமல் "ஒன்றுமில்லை" என்றார். பூனாவிலேயே இட்லி வரைந்த ஸ்கூட்டர் அது ஒன்றுதான். நான்தான் குறுக்கே விழுந்து மூன்று இட்லியையும், ஆவியையும், சாபத்தையும் எடுத்துச் சொன்னேன். கான்ஸ்டபிள் சிரிக்கக்கூடாது என்பதற்காக மேஜை டிராயரைத் திறந்து வெகுநேரம் எதையோ தேடினார்.

வீடு இழவு விழுந்த மாதிரி இருந்தது. அவர் ஸ்கூட்டருக்காகச் சாப்பிடவில்லை. நான் கிரைண்டரைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தப் போன் வந்தது. எடுத்ததும் தமிழ். பூனாவுக்குள்ளேயே இருக்கிற போபோடியிலிருந்து ஒரு பெண், வெடிமருந்து பாக்டரி வேலைக்கு வந்து இரண்டு தலைமுறையாக அங்கேயே இருக்கிற குடும்பமாம்.

"இன்னாக்கா, உன் ஆளுக்கு அவ்ளோ திமிரா? தினம் சாயங்காலம் எங்க சந்து வழியாதான் போறாரு. கைய காட்டுனா நிறுத்தறதே இல்ல. மாவு விக்க வந்தாரா, ரேஸுக்கு வந்தாரா?"

அவள் சொன்ன ஆள் என் வீட்டுக்காரர் இல்லை, திருடன். வண்டி நம்பரை மாற்றியிருப்பான், டெலிபோன் நம்பரை அப்படியே விட்டிருக்கிறான். இட்லி மாவு வண்டியை யார் சந்தேகப்படப் போகிறார்கள் என்று நினைத்திருப்பான்.

விஷயத்தைச் சொன்னேன். அந்த வண்டியை மடக்கி நிறுத்தினால் சந்துக்கே மாவு இலவசம் என்றும் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் கொடுத்த விளம்பரங்களிலேயே அதுதான் மகா வெற்றி. மறுநாள் சாயங்காலம் அவன் சந்துக்குள் நுழைந்தபோது, பெண்களெல்லாம் குண்டான், டப்பா, தூக்கு என்று ஆளுக்கொரு பாத்திரத்தோடு குறுக்கே நின்று "மாவு, மாவு" என்று சூழ்ந்துகொண்டார்களாம். அவன் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ரயில்வே லைன் பக்கம் ஓடியே போய்விட்டான்.

"வண்டிய சங்கிலி போட்டு வெச்சிருக்கேன். மாவு வந்தாதான் அவுப்பேன்" என்றாள் போனில்.

கான்ஸ்டபிளுக்குச் சொல்லிவிட்டு, லோகல் ரயிலில் பெரிய தூக்கு நிறைய மாவோடு கிளம்பினோம். வழியெல்லாம் மாவு பொங்கி மூடியைத் தள்ளியது. இஸ்திரி போட்ட சட்டையோடு அவர் மூடியை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு வந்தார். எதிரே இருந்தவர் உள்ளே என்ன உயிருள்ளதா என்று கேட்டார். இவர் இன்னும் பலமாக அமுக்கினார்.

சந்துக்குள் போனால் திருவிழாக் கூட்டம். நடுவில் சங்கிலியோடு ஸ்கூட்டர். அவர் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு ஆள் வந்தார். "அரே சாஹிப், இது உங்கள் வண்டியல்லவா? அந்தப் பழைய உறைதானே? அது யார் வீட்டு மாவென்று தெரிந்துவிட்டதா?" என்று இந்தியில் கேட்டார். குரலை வைத்தே கண்டுகொண்டேன். எனக்குப் போன் செய்த, என் வீட்டுக்காரருடைய பாக்டரிக்காரர். போபோடியில்தான் குடியிருக்கிறார் போலிருக்கிறது.

சந்தே பார்த்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் கையில் மாவு வழிந்துகொண்டிருந்தது. நான் தரையைப் பார்த்தேன். இப்போதும் தெரியாது என்று சொல்லிவிட்டால், சதுர்த்தி வரைக்கும்கூட இந்தக் கிரைண்டரை ஓட்டப் போவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

"பழைய உறையெல்லாம் இல்லை" என்றார் இந்தியில். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எங்கள் வீட்டு மாவுதான். இவள் என் மனைவி. இவள்தான் அரைக்கிறாள்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. போபோடிக்காரி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. "சரி சார், ஊத்து" என்று குண்டானை நீட்டினாள். அவரே கரண்டியை வாங்கி, சந்து முழுக்க ஊற்றிக் கொடுத்தார். சில பேர் இரண்டாவது பாத்திரம் கொண்டுவந்ததையும் பார்த்தேன், சொல்லவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்க வேண்டியதையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு, ஸ்கூட்டரில் வீட்டுக்குக் கிளம்பினோம். காலித் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, பழக்கத்தில் முந்தானையைப் பின்னால் நன்றாகத் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். ஹைவேயில் ஏறுவதற்கு முன்னால் அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"முந்தானைய எடுத்துச் சொருகிக்க அம்மிணி. நம்பர மறைக்குது."