என் அப்பாவும் மாமனாரும் நடத்திய அரசாங்கம்

ஜப்பான்காரர் காலத்தில், மலாய் நாட்டில், காஜா பேராங்கில் எங்கள் தெருவுக்கு ஒரு கமிட்டி அமைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. தெருக்கோடியில் இருந்த காலி நிலத்தில் கிழங்கு பயிரிட வேண்டும், அதுதான் கமிட்டியின் வேலை. அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பிறந்த வீடும் புகுந்த வீடும் எதிரெதிரே இருந்தன. கமிட்டி இரண்டு கட்சியாகப் பிரிந்தபோது ஒன்றுக்கு என் அப்பா தலைவர், மற்றதற்கு என் மாமனார்.

நாளைக்கு டில்லியில் சுதந்திர அரசாங்கம் அமைந்தால் அதை எப்படி நடத்துவது என்று இருவருக்கும் தனித்தனித் திட்டம் இருந்தது. அதுவரை பழகிக்கொள்ள எங்கள் தெரு கிடைத்தது. அப்பா மரவள்ளி என்றார். மாமனார் சர்க்கரைவள்ளி என்றார். கை தூக்கச் சொன்னால் இரண்டு பக்கமும் சமம். மிச்சம் இருந்தவர் கம்போங் செட்டிக்காரர் ஒருவர், பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழர் வம்சம். தமிழ் கொஞ்சம் புரியும், பேசுவது மலாய்தான். அவர் யாருக்கும் கை தூக்க மாட்டார். "டுவா-டுவா பெத்துல்" என்பார். இரண்டுமே சரியாம்.

கூட்டம் நடந்தது மாமனார் வீட்டு ஹாலில். கோபம் வந்தால் அவர் வெளிநடப்புச் செய்வார், சொந்த வீட்டிலிருந்து. அவருடைய ஆட்களும் பின்னாலேயே போவார்கள். அப்பா கட்சி உள்ளே உட்கார்ந்து, சோளத்தைக் கருக வறுத்து நான் போட்ட கோப்பியை நிதானமாகக் குடிக்கும்.

"உங்கப்பாவ எந்திரிக்கச் சொல்லும்மா, நான் வீட்டுக்குள்ள வரணும்" என்பார் மாமனார், சன்னல் வழியாக.

"கூட்டம் இன்னும் முடியலன்னு சொல்லு" என்பார் அப்பா.

நிலத்தில் லாலான் புல் இடுப்பளவு வளர்ந்தது.

ஒரு நாள் கூட்டத்தின் நடுவே ஜப்பானிய அதிகாரி ஒருவன் வந்துவிட்டான். பூட்ஸ் சத்தம் கேட்டதும் எல்லோரும் எழுந்து குனிந்து வணங்கினோம். நிலம் ஏன் சும்மா கிடக்கிறது, யார் இங்கே தலைவர் என்று அவன் கத்தினான். கூட வந்தவன் அதை மலாயில் சொன்னான்: "சியாப்பா கெத்துவா?"

அத்தனை நாள் தலைவர் நாற்காலிக்கு அடித்துக்கொண்ட அப்பா, மாமனாரைக் காட்டினார். "சம்பந்திதான் கெத்துவா, துவான்! வீடே அவரோடது."

"ஐயோ, நான் இல்ல துவான். சம்பந்திக்குத்தான் அனுபவம் ஜாஸ்தி!"

அதிகாரி செட்டிக்காரரைப் பார்த்தான். இப்போதாவது வேறு ஏதாவது சொல்லட்டும் என்று நான் சாமியை வேண்டிக்கொண்டேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கோப்பித் தட்டோடு நின்ற என்னைக் கை காட்டினார்.

தட்டைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நான் குனிந்து வணங்கினேன். அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தான். அடுத்த முறை வரும்போது நிலம் முழுக்கப் பயிர் நிற்க வேண்டும் என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனான்.

அவன் தெருமுனை திரும்பியதும், "மரவள்ளின்னு சொல்லிடு, கண்ணு" என்றார் அப்பா.

"நீ இந்த வீட்டு மருமக, ஞாபகம் இருக்கட்டும்" என்றார் மாமனார்.

பயம் போய் எனக்குக் கோபம் வந்தது. "மொதல்ல ரெண்டு பேரும் போயி புல்ல வெட்டுங்க!" என்றேன். என் குரலா அது என்று எனக்கே ஆச்சரியம். இருவரும் மண்வெட்டியைத் தேடிப் போனார்கள்.

அந்த வாரம் செமாபோக்கிலிருந்து வந்த மாட்டுவண்டியில் மரவள்ளித் தண்டுதான் இருந்தது. அதையே இறக்கி நடச் சொன்னேன். மாமனார் பல நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு காலை போய்ப் பார்த்தால் வரப்பெல்லாம் சர்க்கரைவள்ளிக் கொடி. யார் நட்டது என்று நான் கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. அந்தச் சர்க்கரைவள்ளியைத் தோண்டி வேகவைத்ததும் முதல் கிழங்கை எடுத்துத் தோலை உரித்தவர் அப்பாதான்.

ஜப்பான்காரர் போகும்வரை நானே தலைவராக இருந்தேன். என்னை இறக்கிவிட இரண்டு கட்சிக்கும் ஆசைதான். எனக்குப் பதிலாக யார் என்பதில்தான் அவர்கள் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.