நண்டு வண்டியும் என் முகூர்த்தமும்

எங்கள் ஊரில் அந்தக் காருக்கு நண்டு வண்டி என்று பெயர். உயரமான சக்கரம், மடக்கித் தள்ளுகிற கான்வாஸ் கூரை, தகரப்பெட்டி மாதிரி உடம்பு. வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. திருத்தணிக்குப் பளபளவென்று புதுக் கார்கள் வரத் தொடங்கிய பிறகு அதை யாரும் மதிக்கவில்லை. அதைவிடக் கெட்ட பெயர் ஒன்றும் அதற்கு இருந்தது. செங்குத்தான மேடு வந்தால் நேராக ஏறாது. பெட்ரோல் டாங்க் சீட்டுக்கு அடியில், இன்ஜின் முன்னால். மூக்கைத் தூக்கினால் பெட்ரோல் இன்ஜினுக்கு இறங்காது, நின்றுவிடும். அதனால் வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகவே மேலே ஏற்றுவார்கள். நல்ல காரியத்துக்கு எவனாவது பின்பக்கமாகப் போவானா? கல்யாண வீட்டார் அதன் பக்கமே போக மாட்டார்கள்.

அந்த வண்டியில்தான் நான் என் கல்யாணத்துக்குப் போனேன்.

மாப்பிள்ளை என் அத்தை மகன்; பாவா என்றுதான் கூப்பிடுவேன். எனக்குப் பாவாவைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும், வேறு எவனும் வேண்டாம். இதைச் சொல்ல எனக்கு அன்றைக்கே வெட்கமில்லை. ஆனால் நைனாவுக்கும், அதாவது என் அப்பாவுக்கும், அத்தைக்கும் பல வருஷமாகப் பேச்சு கிடையாது. அவர்களுடைய அப்பாவின் கருமாதியில் வாய்ச்சண்டை முற்றி, நைனா இலையை விட்டு எழுந்து, அக்கா கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார். உறவுக்காரர்கள் நடுவில் விழுந்து இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்ததே பெரும் பாடு. அத்தை ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லி அனுப்பினாள்: "முகூர்த்தம் தப்பிச்சின்னா இன்னொரு நாள் பாக்க மாட்டேன்." அவள் சொன்னால் சொன்னதுதான். நைனாவுக்கு அக்காவாயிற்றே!

வடக்கே போகும் பாதையில் ஒரு மேடு, அதன் உச்சியில் ஒரு சத்திரம். கல்யாணம் அங்கே. அம்மாவும் மற்றவர்களும் முதல் நாளே மாட்டு வண்டிகளில் போய்விட்டார்கள். நானும் நைனாவும் விடிகாலையில் மலையேறி முருகனைக் கும்பிட்டுவிட்டு பஸ்ஸில் போவதாக ஏற்பாடு. கும்பிட்டு இறங்கி வந்தால் பஸ் இல்லை. திருத்தணி ஆந்திராவுக்கா தமிழ்நாட்டுக்கா என்று சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கனகம்மாசத்திரத்தில் மறியலாம், பஸ்ஸெல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. ராகுகாலம் பிறப்பதற்குள் தாலி ஏற வேண்டும். கண்ணுக்கு எட்டியவரை நண்டு வண்டி ஒன்றுதான் நின்றது.

"இதுலயா?" என்றார் நைனா.

"நடந்து போனா சாயங்காலம் போய்ச் சேருவீங்க," என்றார் டிரைவர்.

நான் ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். நைனா டிரைவருக்குப் பக்கத்தில் ஏறினார்.

உண்மையைச் சொல்ல வேண்டும், சமதரையில் அந்த வண்டி நன்றாகவே ஓடியது. பிரேக் மட்டும் யோசித்து யோசித்துப் பிடித்தது. மேட்டின் அடிவாரத்தில் டிரைவர் வண்டியைத் திருப்பி நிறுத்தினார். வழக்கமாக அவருடைய கிளீனர் பின்னால் நின்று வழி சொல்வான். அன்றைக்கு அவனும் மறியலுக்குப் போய்விட்டான்.

"எனக்குக் கழுத்து திரும்பாது. யாராவது பாத்து சொன்னாதான் ஏத்துவேன்."

நைனா ஏற்கெனவே கண்ணை இறுக மூடிக்கொண்டு, "முருகா, முருகா" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்.

"நான் பாக்கறேன், போங்க," என்றேன்.

கூரையை மடக்கித் தள்ளிவிட்டு, பட்டுப்புடவையோடு பின்சீட்டில் மண்டி போட்டு, பின்பக்கம் பார்த்துக்கொண்டேன். வண்டி உறுமியபடி ஏறியது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். முதல் வளைவில் மலையை ஒட்டிப் போக வேண்டியிருந்தது. மலை என் வலக்கைப் பக்கம்.

"சோத்தாங்கைப் பக்கம் ஒடிங்க!" என்று கத்தினேன்.

வண்டி நேரே பள்ளத்தை நோக்கிப் போனது. அவர் முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், நான் பின்னால் பார்க்கிறேன். என் சோத்தாங்கை அவருக்குப் பீச்சாங்கை. அது எனக்கு உறைப்பதற்குள் ஒரு சக்கரம் விளிம்பிலிருந்த கற்களைத் தள்ளிவிட்டது. அவை உருண்டு போகும் சத்தம் நிற்கவே இல்லை. பிரேக் யோசித்தது. கடைசியில் பிடித்தது.

தாலி ஏறாமலே போய்ச் சேர்ந்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன்.

"கையைச் சொல்லாத தங்கச்சி," என்றார் டிரைவர். "மலைப் பக்கம், பள்ளத்துப் பக்கம்னு சொல்லு."

அதற்கப்புறம் மேடு முழுக்க, "மலை! மலை! ஆங், நேரா! பள்ளம் கொஞ்சம்! மலை!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே வந்தேன். பூ அவிழ்ந்து தொங்கியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

உச்சியில் மேளக்காரர்களோடு இரண்டு வீட்டாரும் நின்றிருந்தார்கள். பெண் கத்திக்கொண்டே வருவதைப் பார்த்து மேளம் நின்றுவிட்டது. வண்டியைத் திருப்ப அங்கே இடமில்லை. அப்படியே நின்றது. என் முகம் அவர்களைப் பார்த்திருந்தது. நைனாவோ முன்சீட்டில் இன்னும் மேட்டின் அடிவாரத்தைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தார்.

அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"அன்னிக்கும் முதுகக் காட்டிகினுதான் போன," என்றாள். "இன்னிக்கும் முதுகக் காட்டிகினுதான் வர்றியாடா?"

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். கூட்டத்தில் பாவா தலைகுனிந்து நின்றார். மேடு, பெட்ரோல், டாங்க் என்று டிரைவர் வாயைத் திறந்தார். நைனா அவரைக் கையால் தடுத்தார். கதவைத் திறந்து இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு மெதுவாக வந்து, அத்தைக்கு நேர் எதிரே நின்றார். கண்ணில் தண்ணீர் வந்தது.

அத்தை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள்.

"எவ்ளோ நரைச்சிப் போச்சுடா உனக்கு," என்றாள். "பொண்ண எறக்கு. நேரமாவுது."