ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்த வீடு

பினாயில் போட்டுத் துடைத்த சிமெண்டுத் தரையின் ஈர வாசனையும், வெயில் காணாத கம்பளிகளின் நெடியும் கலந்தால் ஒரு வாடை வருமே, அதுதான் எனக்குப் பெங்களூர் பிரேசர் டவுன் விடுதி. அம்மா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த வருஷம், தொண்ணூறுகளின் தொடக்கம், எனக்குப் பத்து வயது. லேத் பட்டறையில் நைட் ஷிப்ட் பார்த்த அப்பா, "பொட்டப் புள்ளய தனியா வுட்டுட்டா வேலைக்குப் போவ?" என்று உறவுக்காரர்கள் ஆளுக்கொரு வாய் சொன்னதைக் கேட்டு என்னை அங்கே சேர்த்துவிட்டார். கோலாரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு நடுவே நான் மட்டும் உள்ளூர்க்காரி. லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டருகே பஸ் ஏறினால் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதற்குள் விடுதி வந்துவிடும். முழுப்பரீட்சை முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் அங்கே இருந்தேன்.

எனக்கு அழுகை வரவில்லை. சாப்பாட்டு மணி அடித்தால் சாப்பிட்டேன், ஜெப மணி அடித்தால் முட்டி போட்டேன். வார்டனம்மாவுக்கு அதுதான் கவலை. அழுகிற பிள்ளை நாலு நாளில் தேறிவிடும், அழாத பிள்ளையை நம்பக் கூடாது என்பது அவர் கணக்கு. "பேஜார் பண்ணிக்காத கண்ணு, போகப் போக சரியாப் பூடும்" என்று தலையைத் தடவுவார். மனசு கஷ்டத்துக்குப் பெங்களூரில் அதுதான் வார்த்தை. எனக்குப் பேஜாரே இல்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்ல? மரத்துப்போன காலைக் கிள்ளினால் யாருடைய காலோ என்றிருக்கும் அல்லவா, அப்படி இருந்தது. ஒருவருக்கு ஒரு "டிரங்கு"ப் பெட்டிதான் என்ற விதியை எனக்காகத் தளர்த்தி, வீட்டு ஞாபகமாக ஏதாவது கொண்டுவந்து கொடுங்கள், பிள்ளைக்கு இங்கே மனசு ஒட்டட்டும் என்று அப்பாவிடம் சொன்னார்.

அப்பா பெரியவர்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர். அடுத்த ஞாயிறு, கோயிலில் ஆராதனை முடிந்து வரும்போது அம்மாவின் தலையணையோடு வந்தார். அதற்கடுத்து, அடுக்களை வாசலில் தொங்கிய பச்சைப் பூப்போட்ட "ஸ்கிரீன்". என் ஜன்னலுக்கு அவரே ஆணியடித்து மாட்டினார். பிறகு அம்மா பேர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர், முக்காலி, சாவி கொடுக்கும் "டைம்பீஸ்", அலமாரியில் விரித்திருந்த பிளாஸ்டிக் ஷீட்கூட. அத்தனை பெரிய கூடத்தில் என் மூலை மட்டும் வீடு மாதிரி ஆகிவிட்டது. காய்ச்சல் வந்த பிள்ளைகள் என் கட்டிலில்தான் படுப்போம் என்று அடம்பிடித்தார்கள். பக்கத்துக் கட்டில் ரோஸி அக்கா எட்டாம் வகுப்பு, வாய்த்துடுக்கு. "அடுத்த வாரம் பாரு, உங்கப்பா வாசக்காலையும் பேத்து எடுத்துன்னு வருவாரு" என்று கிண்டலடிப்பாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்பு அம்மாவின் போட்டோ வந்தது. வீட்டு நடுச்சுவரில் சீரோ வாட் பல்போடு மாட்டியிருந்த படம். ஒயரைச் சுற்றி, அட்டைப்பெட்டிக்குள் வைத்து, மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார். அன்றைக்கு ரோஸி அக்கா கிண்டல் செய்யவில்லை. அப்பா போனபிறகு, "ஏய், இனிமே உங்க வூட்ல என்னதான்டி இருக்கும்?" என்று மெதுவாகக் கேட்டாள். அப்பா இருப்பார் என்றேன்.

பரீட்சை முடிந்த அன்று ஸ்கிரீனைக் கழற்றி மடித்து, டம்ளரைத் துண்டில் சுற்றி, எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்திருந்தேன். அப்பா வெறுங்கையோடு வந்தார். மூட்டைகளைப் பார்த்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். லிங்கராஜபுரத்து வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தாயிற்று, ஒக்கலிபுரத்தில் பட்டறை ஆட்களோடு ஒரே ரூமில் இருக்கிறேன், அங்கே பெண்பிள்ளை தங்க முடியாது என்று தரையைப் பார்த்தே சொன்னார்.

"உங்கம்மா இல்லாத வூட்ல என்னால இருக்க முடியல பாப்பா. அவ தொட்ட சாமான் ஒண்ணுகூட விக்கல. எல்லாம் உங்கிட்டதான் குடுத்திருக்கேன். இனிமே இதான் நம்ம வூடு."

சரிப்பா என்றேன். அவர்தான் அழுதார். நான் மூட்டையை அவிழ்த்து ஸ்கிரீனை மறுபடி மாட்டினேன். பத்தாம் வகுப்பு முடியும்வரை அந்தக் கட்டிலில்தான் படுத்தேன். ஒரு குறையும் இல்லை, விடுதியிலேயே எனக்குத்தான் வசதி என்று எல்லோரும் சொன்னார்கள். அப்பாமேல் கோபம் வந்ததே முப்பது வயதைத் தாண்டித்தான். அதற்குள் கோபித்துக்கொள்ள அவர் இல்லை.

விடுதி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. ரோஸி அக்கா எங்கே இருக்கிறாளோ தெரியாது. லிங்கராஜபுரத்தில் எங்கள் பழைய சந்துக்குள் ஒருமுறை போய்ப் பார்த்தேன், வீடு எதுவென்றே அடையாளம் தெரியவில்லை. போன வருஷம் என் மகள் கோயம்புத்தூரில் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனாள். போர்வை, பக்கெட், டம்ளர் என்று எல்லாவற்றையும் கடையில் புதிதாக வாங்கிக் கொடுத்தேன். அவள் அறையிலிருந்து ஒரு துரும்பையும் எடுக்க விடவில்லை. "என் தலகாணியக்கூட தரமாட்டியாம்மா?" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ரயில் ஏறினாள். ஏறட்டும். லீவுக்கு வந்தால் படுக்க அவளுக்கு ஒரு கட்டில் வேண்டாமா?