கெட்டி ஸ்பிரிங் போட்ட சிவப்புக் கார்

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் திண்டுக்கல் போயிருந்தேன். பேருந்து நிலையத்துப் பக்கம் விடுதியில் தங்கி, காலையில் தாடிக்கொம்பு மண்டபத்துக்கு வாடகைக் கார் பிடித்தேன். ஊரைத் தாண்டுவதற்குள் எத்தனை வேகத்தடை! ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கும்போது முன்பக்க இடது சக்கரத்தின் அருகே 'கடக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச தூரம் பொறுத்துக்கொண்டேன். அதற்கு மேல் முடியவில்லை.

"தம்பி, முன்னாடி லெஃப்ட்ல லிங்க் ராடு போயிருச்சுன்னு நெனைக்கிறேன். கழட்டிப் பாத்துருங்க."

ஓட்டுநர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். பட்டுப்புடவை, தலையில் மல்லிகை, மடியில் மொய்க்கு வாங்கிய வெள்ளிக் கிண்ணம்.

"வண்டி நல்லாத்தான் மேடம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பாட்டின் சத்தத்தைக் கூட்டினார். அதுவும் ஒரு வைத்தியம்தான். ஆனால் எனக்குப் பாட்டு கேட்கவில்லை. பச்சைத்தோலும் உப்பும் கலந்த ஒரு வாடை மூக்கில் ஏறிவிட்டது. பர்வீன் வீட்டுத் தோல் கிடங்கின் வாடை.

எனக்குக் கல்யாணமாவதற்கு முன் நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் திண்டுக்கல் கிளையில் வேலை பார்த்தேன். விபத்தில் அடிபட்ட வண்டிகளின் புகைப்படங்கள் என் மேசைக்கு வரும். நசுங்கிய முன்பக்கம், தலைகீழாகக் கிடக்கும் வேன், புளியமரத்தைக் கட்டிப்பிடித்த லாரி. அவற்றைப் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க ஒரே நாற்காலியில் உட்கார வேண்டும். என் கால்கள் ஓயாது. ஆடிக்கொண்டே இருக்கும். "ஏம்மா, மேசைக்கு அடியில தையல் மெஷின் எதும் வச்சிருக்கியா?" என்று மேலாளர் கேட்பார். இன்றைக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை. இதை எழுதும்போதும் கால் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

மாலை ஆனதும் வீட்டுக்குப் போகப் பிடிக்காது. நேரே பேகம்பூருக்குப் போவேன். பர்வீன் என் பள்ளித் தோழி. அவளுடைய அத்தா (அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்) பச்சைத்தோல் வாங்கி உப்புப் போட்டு அனுப்பும் வியாபாரி. அம்மா முன்பே தவறிவிட்டார். தோல் வியாபாரம் சுருங்கத் தொடங்கியதும் கிடங்கின் முன்னறையில் பர்வீன் கார் உதிரிபாகக் கடை போட்டாள். நான் அங்கே போய்விட்டு வந்தால், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் அம்மாவின் குரல் உள்ளிருந்து வரும்: "நேரா குளிக்கப் போ."

கிடங்கின் உள்ளே, உப்பு மூட்டைகளுக்குப் பக்கத்தில், தார்ப்பாய்க்குள் ஒரு சிவப்புக் கார் நின்றது. சென்னைக்கு வேலைக்குப் போன அவள் அண்ணன் விட்டுவிட்டுப் போனது. அது வந்த காலத்தில் இளைஞர்கள் நின்று திரும்பிப் பார்த்த வண்டி. பழசாகியும் இன்ஜினுக்கு வயதாகவில்லை. மூன்றாவது கியரில் மிதித்தால் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். அடிப்பாகம்தான் போய்விட்டது. உப்பு இரும்பை விட்டுவைக்குமா? ஸ்பிரிங்கெல்லாம் துருப்பிடித்து, ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து, வளைவில் திருப்பினால் வண்டி தொட்டில் மாதிரி ஒரு பக்கமாகச் சாயும்.

அது எவ்வளவு சாயும் என்று செம்பட்டி சாலையில் ஒரு நாள் தெரிந்தது. கண்மாய்க் கரையை ஒட்டி அங்கே ஒரு பெரிய வளைவு. இரண்டு பக்கமும் புளியமரங்கள். பர்வீன் ஓட்டினாள். வளைவின் நடுவில் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் கூடுதலாக ஒடித்தாள். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது, உடனே மறுபக்கம் சாய்ந்தது, பிறகு எங்களைக் கேட்காமல் சாலையை விட்டு இறங்கி மண்ணில் சறுக்கி நின்றது. என் பக்கத்துக் கதவுக்கும் ஒரு மரத்துக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடம்தான் இருந்தது. அந்த மரத்தில் வாகனங்கள் உரசிய பழைய தழும்புகள் இருந்தன. அப்படி மோதிய ஒரு வண்டியின் புகைப்படம் என் மேசைக்கு வந்திருக்கிறது.

நான் இறங்கிச் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். பர்வீன் காரைச் சுற்றி வந்து சக்கரத்தைக் காலால் உதைத்தாள். சாவியை இரண்டு தடவை கீழே போட்டாள். வாய் மட்டும் அடங்கவில்லை.

"இன்ஜின் ஓடச் சொல்லுது, காலு மாட்டேங்குது. கால மாத்தணும்டீ."

"வித்துத் தொலைடீ."

"கோயமுத்தூர்ல பொம்பளைங்களுக்குன்னு பந்தயம் நடத்துறாங்க. பேரு குடுத்துட்டேன்."

எப்போது கொடுத்தாள், யாரைக் கேட்டுக் கொடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 'பக்கத்து சீட்டுல யாரு?' என்று மட்டும் கேட்டேன். வேறு யாராம் என்பதுபோல் பார்த்தாள்.

பழனி சாலையில் பட்டறை வைத்திருந்த ஆரோக்கியம் அண்ணனிடம் முதலில் போனோம். அவருக்குத் தெரியாத வித்தை கிடையாது என்பது அவர் கருத்து. "எதுக்குப் புதுசு? இருக்குற ஸ்பிரிங்க ரெண்டு சுத்து வெட்டி விட்டா வண்டி தாழ்ந்துரும். சாயாது" என்று கேஸ் கட்டரைப் பற்றவைக்கப் போனார். பர்வீன் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். "வெட்டுன ஸ்பிரிங் ஒரு குழியில எறங்குனா எடத்த விட்டே கழண்டுரும். இவருகிட்ட குடுக்குறதுக்கு நம்மளே மாட்டலாம்."

கோயமுத்தூரிலிருந்து லாரி பார்சலில் வந்தன. மஞ்சள் பூச்சுப் பூசிய குட்டையான கெட்டி ஸ்பிரிங்குகள், கேஸ் நிரப்பிய ஷாக் அப்சார்பர்கள், கறுப்பு ரப்பர் புஷ்கள். புது ரப்பரின் வாசனை எனக்குப் புதுப் பாடப்புத்தகத்தின் வாசனையைவிடப் பிடிக்கும். சொன்னால் சிரிப்பீர்கள்.

ஒரு சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் கிடங்கிலேயே காரை ஜாக்கியில் ஏற்றினோம். மறுநாள் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. 'ஒரு செத்த நேரந்தான், வந்துருவேன்' என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடிக்க இரண்டு கொக்கி வைத்த ஒரு கருவி உண்டு. பக்கத்துக்கு ஒன்றாக மாட்டி, மாறி மாறி முறுக்க வேண்டும். எனக்குப் பொறுமை ஏது? என் பக்கத்தை வேகமாக முறுக்கிக்கொண்டே போனேன். கொக்கி நழுவியது.

ஸ்பிரிங் போனதை நான் பார்க்கவில்லை. காதருகே காற்று கிழிந்தது மட்டும் தெரிந்தது. உப்பு மூட்டையில் போய் மோதி, மூட்டை வெடித்து, கிடங்கு முழுவதும் உப்பு மழை. இரண்டு பேரும் தலையிலிருந்து கால் வரை வெள்ளையாக நின்றோம். சத்தம் கேட்டு அத்தா ஓடிவந்தார்.

"ஏம்மா, எம்புட்டுத் தோலுக்கு உப்புப் போட்டிருப்பேன். உங்க ரெண்டு பேரையும் பதப்படுத்தச் சொல்லி யாரு சொன்னா?"

பிறகு என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காயம் இல்லை என்று தெரிந்ததும், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. பயத்தில்தான் என்று நினைத்தோம்.

உப்பு விழுந்த கண்ணோடு மறுநாள் காபித் தட்டை ஏந்திக்கொண்டு போனேன். இரண்டு கண்ணும் செக்கச் சிவப்பு. மாப்பிள்ளையின் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பொண்ணு ராத்திரி பூரா அழுதுருக்கும் போல. கட்டாயப்படுத்தாதீங்க" என்று பெருந்தன்மையாகச் சொல்ல, எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நல்ல மனிதர்கள்.

வேலை முடிந்து, சக்கரங்களை நேர் பார்த்து, மறுபடி அந்தக் கண்மாய்க் கரைக்குப் போனோம். கெட்டி ஸ்பிரிங்கின் குலுக்கலில் வழியெல்லாம் என் முதுகெலும்பு அழுதது. சாலையில் கிடக்கும் புளியங்கொட்டைகூடத் தனியாகத் தெரிந்தது. ஆனால் வளைவு வந்ததும், எப்படிச் சொல்வேன், வண்டி சாயவே இல்லை. பர்வீன் லேசாகத் திருப்பினாள். திருப்பிய இடத்துக்குப் போனது. அவ்வளவுதான். அதற்கு முன் நான் நினைத்தது எதுவும் நினைத்த இடத்துக்குப் போனதில்லை. 'திருப்பி வா' என்றேன். மறுபடி போனோம். மறுபடி. அதன் பிறகு மாலைதோறும் அதே வேலை. எங்கே போகிறீர்கள் என்று யாராவது கேட்டால் சொல்ல எங்களிடம் ஊர்ப்பெயர் இல்லை.

பந்தயத்துக்கு முந்தைய மாதம் ஒரு மத்தியானம் பர்வீன் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தாள். "அத்தாவுக்கு நெஞ்சு வலி. வாடீ." உள்ளூர் மருத்துவமனையில் ஊசி போட்டு, உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தார்கள். ஆம்புலன்ஸ் இரண்டும் வெளியே போயிருந்தன. வாசலில் நின்றது சிவப்புக் கார்தான்.

நான் பின்னால் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். நான்கு வழிச்சாலைக்காக மதுரை ரோட்டைத் தோண்டிப்போட்டிருந்த நாட்கள் அவை. எங்கே பார்த்தாலும் மாற்றுப்பாதை, ஜல்லி, பள்ளம். அந்தக் கெட்டி ஸ்பிரிங் ஒரு கல்லைக்கூட மறைக்கவில்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அத்தா "யா அல்லா" என்றார். பர்வீன் வேகத்தைக் குறைத்தாள். நேரம் போகிறதே என்று கூட்டினாள். அவர் முனகியதும் மறுபடி குறைத்தாள். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

அத்தா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "மெதுவாப் போனாலும் குலுங்குது, வேகமாப் போனாலும் குலுங்குது. வேகமாவே போ புள்ள."

போனாள். சின்னாளப்பட்டி தாண்டி ஒரு ஜல்லிக் குவியலுக்குப் பின்னாலிருந்து, தவறான பக்கத்தில், ஒரு டிப்பர் லாரி நேர் எதிரே வந்தது. நான் கத்தினேனா என்று நினைவில்லை. பர்வீன் பிரேக்கை மிதிக்கவில்லை. இடது பக்கம் ஒடித்து, குவியலின் ஓரத்தைத் தொட்டு, உடனே வலது பக்கம் ஒடித்துச் சாலைக்கு வந்தாள். கார் இரண்டு திருப்பலுக்கும் சாயாமல் உடன்பட்டது. பழைய ஸ்பிரிங்காக இருந்தால் எங்கள் புகைப்படம் யாருடைய மேசைக்குப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அது என் மேசைதான்.

அத்தா பிழைத்துக்கொண்டார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். அடிக்கடி மதுரைக்கு வந்து காட்ட வேண்டும், அலுங்காமல் கூட்டிவர வேண்டும் என்றார் மருத்துவர். அடுத்த ஞாயிறு நான் கிடங்குக்குப் போனபோது பர்வீன் காருக்கு அடியில் கிடந்தாள். பக்கத்தில் புதுசாக வாங்கிய, உயரமான, மெத்தென்ற கம்பெனி ஸ்பிரிங்குகள்.

"பந்தயம்?"

"அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருசமும் மதுரைக்குப் போகணும்ல?"

"பேசாம அந்த ஸ்பேனர எடு."

எடுத்துக் கொடுத்தேன். இந்த முறை கொக்கிகளை இரண்டு பேரும் மாறி மாறி, ஒரே அளவாக முறுக்கினோம். எனக்கு யார்மேல் என்று தெரியாத ஒரு ஆத்திரம். அத்தா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "எனக்காக ஒண்ணும் மாத்த வேணாம். ஒட்டகத்துல போறவன் இல்லையா? நானும் போயிக்கிறேன்" என்றார்.

"ஒட்டகத்துல போறவனுக்கு நெஞ்சுல கம்பி வச்சிருக்கா?" என்றாள் காருக்கு அடியிலிருந்து.

கோயமுத்தூரில் பந்தயம் நடந்த அன்று நாங்கள் மூவரும் மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தோம். கார் பழையபடி மிதந்தது. அத்தா பின் இருக்கையில் வாய் திறந்தபடி தூங்கிவிட்டார். பர்வீன் கண்ணாடியில் அதைப் பார்த்தாள். வேகத்தை இன்னும் குறைத்தாள். ஒரு மாட்டுத்தீவன வேன் எங்களை முந்திப் போனது. என் கால் ஆடத் தொடங்கியது. அவள் இடது கையை எடுத்து என் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எங்கள் கதையில் பந்தயம் என்று ஒன்று இருந்தால் அது இந்தப் பயணம்தான்.

அத்தா அதற்குப் பிறகு சில வருடங்கள் நன்றாகவே இருந்தார். நான் கல்யாணமாகி ஓசூர் போனேன். அத்தா போன பிறகு பர்வீன் கிடங்கைக் கொடுத்துவிட்டுத் திருச்சியில் டயர் கடை வைத்தாள். காரை ஒட்டன்சத்திரத்துத் தேங்காய் வியாபாரி ஒருவர் வாங்கினார். வாங்கிய வாரத்தில் ஃபோன் செய்து, "ஏனுங்க, வளைவுல வண்டி சாயுதுங்களே?" என்று கேட்டாராம். "மெதுவாப் போங்க, சாயாது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அவள் எந்தப் பந்தயத்திலும் ஓட்டவில்லை. கேட்டால் பேச்சை டயருக்குத் திருப்பிவிடுவாள்.

கல்யாணம் முடிந்த மறுநாள், அதற்காக வந்திருந்த என் தம்பியின் வண்டியை வாங்கிக்கொண்டு செம்பட்டி சாலையில் போனேன். செம்பட்டியே வந்துவிட்டது, கண்மாய் வரவில்லை. திரும்பி வந்து ஒரு இளநீர்க் கடையில் விசாரித்தேன். கடைக்காரர் சாலைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். சாலையை அகலப்படுத்தியபோது கண்மாயின் ஒரு மூலையை மண்போட்டு மூடி, நேர்க்கோடாக இழுத்துவிட்டார்களாம். புளியமரங்களில் ஒன்றுகூட இல்லை. பழைய வளைவு தனியாக, இரண்டு முனையும் எங்கேயும் சேராமல், பிறைபோலக் கிடந்தது. அதன் தார்மேல் யாரோ மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள்.

அங்கே நின்றே பர்வீனைக் கூப்பிட்டேன். சொன்னேன். அந்தப் பக்கம் யாரோ சக்கரத்துக்குக் காற்றடிக்கும் சத்தம். அதை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"நேராவாடீ போகுது?"

"நேரா."

"அப்ப எங்கதான் திருப்புறது?" என்றாள்.

ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல் திரும்பிப் பார்த்தேன். புதுச் சாலையில் வண்டிகள் சாயாமல், குலுங்காமல், ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஓட்டுகிறவர்களில் ஒருவர் கையும் ஸ்டீயரிங்கில் அசையவில்லை.