இரும்புக் கதவு அறை

மலேரியா பரவிய வருடம், தெரணியகலையில் மூடிக் கிடந்த வங்கியை ஆஸ்பத்திரியாக்கினார்கள். நான் வேலை செய்த தேயிலைத் தோட்டத்திலிருந்து, காய்ச்சலில் கிடந்த என் ஆறு வயது மகளைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடினேன். தூண்கள் நின்ற பெரிய கூடத்தில் இடமே இல்லை. முன்பு பணம் பூட்டிவைத்த, ஜன்னலில்லாத அறையில்தான் பாய் கிடைத்தது.

கனத்த இரும்புக் கதவைப் பார்த்து மகள் நடுங்கினாள். "அம்மா, நம்மள உள்ள வச்சு மூடிருவாங்களா?"

அங்கே நோயாளிகளைக் கவனித்த சிங்களப் பெண் சோமாவதிக்கு அது புரிந்துவிட்டது. தன் பாயைக் கொண்டுவந்து வாசலுக்குக் குறுக்கே விரித்தாள். "பயப்பட வேணாம் மகள். நான் இங்க படுக்கிறேன். யாருக்கும் மூட ஏலாது."

மகளுக்குக் காய்ச்சல் விடும்வரை சோமாவதி இரவெல்லாம் அங்கேயே படுத்தாள்.

அந்தக் கட்டடம் இப்போது துணிக்கடை. மகள் இன்றும் சோமாவதியை 'அம்மே' என்று, அம்மாவுக்கான சிங்களச் சொல்லாலேயே கூப்பிடுகிறாள். முதலில் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. இப்போது நானே, "வா, அம்மேகிட்ட போய்ட்டு வருவோம்" என்கிறேன்.